தயிர் சாதமும் மாம்பழமும்: திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகளும் பதில்களும்

சித்திரை பொறந்து மார்க்கெட்ல மஞ்ச கலர் தெரிய ஆரம்பிச்சாலே எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட சாப்பிடறவங்க, அபார்ட்மென்ட் வாட்ஸப் க்ரூப்னு எல்லா பக்கத்துலேந்தும் அதே கேள்விதான், வருஷா வருஷம். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க போட்டுட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வெச்சிருக்கேன்.

அக்கா, சோத்தோட பழமா? நிஜமாவே சாப்பிடுவாங்களா, இல்ல ரீல்ஸுக்காகவா?

ரீல்ஸ்லாம் நேத்து வந்தது. ஆந்திராவுல பெருகு அன்னத்தோட (தயிர் சாதம்தான்) மாமிடிப் பண்டு, அதாவது மாம்பழம், இல்லாம கோடை சாப்பாடு முடியாது. கேரளாவுலயும் நாகர்கோவில் பக்கமும் புட்டும் பழமும் காலைப் பலகாரம். நம்ம ஊர்ல பால் சோறும் மாம்பழமும் சாப்பிட்டு வளர்ந்த பெரியவங்க யாரைக் கேட்டாலும் கண்ணு மின்ன சொல்லுவாங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்கு இதுதான் பதில். இங்க பழம் கடைசியா வர்ற ஸ்வீட் இல்ல, தொட்டுக்க. ஊறுகாயும் மோர் மிளகாயும் உக்கார்ற எடத்துல பழம் உக்காருது. அப்போ சாதமோ புட்டோ இடியாப்பமோ, அது ரொம்ப அலட்டாம சாதுவா இருக்கணும். ரெண்டும் போட்டி போட்டா ரெண்டுமே கெட்டுடும்.

தயிர் சாதத்துக்கு எந்த மாம்பழம் வாங்கறது? கடைல பத்து வகை இருக்கு, தலை சுத்துது

கண்ணை மூடிக்கிட்டு பங்கனப்பள்ளி. நார் இல்ல, கதுப்பு அழகா வரும், இனிப்பு அளவா இருக்கும், தயிரோட லேசான புளிப்பை மூடிடாது. ஏப்ரல் கடைசியிலேந்து ஜூன் வரைக்கும் தாராளமா கெடைக்கும். சீசன் ஆரம்பத்துல வர்ற செந்தூராவும் நல்லா இருக்கும், ஆனா தோல் செவப்பா இருக்குன்னு நம்பி வாங்காதீங்க, காம்புகிட்ட மோந்து பாத்து வாங்குங்க. வாசனை இல்லன்னா உள்ள புளிக்கும்.

இமாம் பசந்தும் மல்கோவாவும் வாங்கினா தயவு செஞ்சு தனியா சாப்பிடுங்க. அந்த வெலைக்கு அதை தயிர்ல முக்கறது எனக்கு மனசு வராது, அதுவும் இமாம் பசந்துக்கு இருக்கற வாசனைக்கு சாதம் எதுக்கு? கிளிமூக்கு, அதாவது பெங்களூரா, காயா இருக்கறப்போ உப்பு மொளகாப்பொடிக்கு ராஜா. பழுத்தா ருசி கொஞ்சம் சப்புன்னு போயிடும்.

ஜூன் ஜூலைல எல்லாம் முடியற நேரத்துல நீலம் வரும். சின்னப் பழம், வெலையும் கம்மி, ஆனா வாசனை வீடு முழுக்க நிக்கும். தயிர் சாதத்துக்கு என் ஓட்டு கடைசில நீலத்துக்குதான். ஆந்திரா ஆளுங்க சின்ன ரசாலு, பெத்த ரசாலுன்னு சாறு பழம் வெச்சிருக்காங்க, அதை உருட்டி உருட்டி உள்ள கூழாக்கி, காம்பைக் கிள்ளி, நேரா சாதத்துல பிழிஞ்சுக்குவாங்க. கெடைச்சா விடாதீங்க.

தாளிச்ச தயிர் சாதமா, தாளிக்காததா?

தாளிக்காதது. கடுகு, இஞ்சி, பச்ச மொளகா, பெருங்காயம், கொத்தமல்லி எல்லாம் போட்ட தயிர் சாதம் தனியாவே முழு சாப்பாடு, அதுக்கு மாவடு போதும். முக்கியமா பெருங்காயமும் மாம்பழ வாசனையும் சேர்ந்தா எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. கடுகு மட்டும் தாளிச்சா பரவாயில்லைன்னு சிலர் சொல்றாங்க, சரி, உங்க இஷ்டம்.

அரிசி ஒண்ணுக்கு தண்ணி நாலு வெச்சு கொழைய வடிச்சு, சூடா இருக்கறப்பவே கரண்டியால மசிச்சு, காய்ச்சின பாலை ஊத்தி தளர்த்திட்டு, வெதுவெதுப்பா ஆனதுக்கு அப்புறம் தயிர் ரெண்டு கரண்டி. சூட்டுலயே தயிர் விட்டா தண்ணியும் கட்டியுமா பிரிஞ்சு நிக்கும். உப்பு வழக்கமா போடறதுல பாதி போதும், ஆனா சுத்தமா விட்டுடாதீங்க, அந்த துளி உப்புதான் பழத்தோட இனிப்பை தூக்கிக் காட்டும். புளிச்ச தயிர் வேண்டவே வேண்டாம்.

பழத்தை சாதத்துல பிசைஞ்சு சாப்பிடணுமா, தனியா கடிச்சுக்கணுமா?

இதுல வீட்டுக்கு வீடு கட்சி இருக்கு. நான் கடிச்சுக்கற கட்சி. கதுப்பை தோலோட அறுத்து தட்டு ஓரமா வெச்சுக்கிட்டு, ஒரு வாய் சாதம் உள்ள போனதும் கதுப்பைப் பல்லால ஒரு இழுப்பு இழுக்கணும், அப்போ சில்லுனு சாதமும் வழவழன்னு பழமும் வாய்லதான் சந்திக்கும், தட்டுல இல்ல. பிசைஞ்சா மொத்தமும் ஒரே ருசியாயிடுது, மூணாவது வாய்க்கு மேல சலிப்பு தட்டுது.

குழந்தைங்களுக்கும் பல்லு இல்லாத பெரியவங்களுக்கும் பிசைஞ்சு குடுக்கறதுதான் சரி. கொட்டை யாருக்குன்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், அது குடும்ப விவகாரம்.

பால் சாதத்துல மாம்பழம் போட்டா திரிஞ்சு போச்சு, தயிர் சாதத்துல மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?

தயிர் ஏற்கெனவே உறைஞ்ச பால்தானே, இனிமே திரிய அதுல என்ன இருக்கு? பால்ல இருக்கற புரதம் புளிப்பு ஒரு அளவைத் தாண்டினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாயிடும். பழம் அரைப் பழுப்பா இருந்தா புளிப்பு ஜாஸ்தி, அதோட பாலும் சூடா இருந்தா இன்னும் வேகமா திரியும்.

அதனால பால் சோத்துக்கு நல்லா கனிஞ்ச, புளிப்பே இல்லாத பழம், பாலும் ஆறினது. மசிச்ச சாதம், காய்ச்சி ஆறவெச்ச பால், கொஞ்சம் சர்க்கரை, மேல மாம்பழத் துண்டு, கலந்த உடனே சாப்பிட்டுடணும். வெச்சுட்டு சீரியல் பாக்கப் போனா பொறுப்பு உங்களுது.

மாம்பழ சீசன் இல்லாதப்போ வாழைப்பழம் ஓகேவா? எந்த வாழைப்பழம்?

தாராளமா. தயிர் சாதத்துக்கு பூவன் இல்லன்னா ரஸ்தாளி, ரெண்டுலயும் இனிப்புக்கு அடியில கொஞ்சம் புளிப்பு ஓடும், தயிரோட அது சேரும். ரஸ்தாளில நடுவுல கல்லு மாதிரி கட்டி இருக்கும் சில சமயம், அது கெட்டதில்ல, அந்த ரகத்துக்கே வர்ற கோளாறு, எடுத்துட்டு சாப்பிடலாம். பச்ச வாழைப்பழம் எனக்கு சரியா வரல, சாதத்தோட சேர்ந்து மாவு மாதிரி ஆயிடுது. சிறுமலை, விருப்பாச்சி மலைப்பழம் கெடைச்சா (ரெண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு) அதை பாலோடயோ தேனோடயோ சாப்பிடுங்க.

உப்புமாவுக்கு வாழைப்பழம் தொட்டுக்கறவங்களை பாத்து சிரிக்கறவங்க ஒரு தடவை சாப்பிட்டுட்டு அப்புறம் சிரிக்கட்டும். உப்புமாவே பிடிக்காதவங்க கூட அப்படின்னா ஒரு கரண்டி எக்ஸ்ட்ரா வாங்கறாங்க.

புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் என்ன பழம்? நேந்திரம்தான் வேணுமா?

நேந்திரம் இருந்தா நல்லது, ஆனா தோல்ல கறுப்புப் புள்ளி நெறைய விழற வரைக்கும் பொறுக்கணும். பச்சையா கடிச்சா வாய்ல மொத்தையா நிக்கும், அதனால தோலோட ரெண்டா வெட்டி இட்லிப் பானைல பத்து நிமிஷம் வேகவெச்சுடுங்க. தோல் வெடிச்சு உள்ள தேன் நெறத்துல வந்துடும். சூடு புட்டு, அந்தப் பழம், ஒரு ஸ்பூன் நெய், மூணையும் கையால அழுத்திப் பிசையணும், ஸ்பூன்ல கலந்தா புட்டு உதிரி உதிரியா நின்னுடும்.

கன்னியாகுமரி மாவட்டத்துல மட்டிப்பழம்னு விரல் நீளத்துல ஒண்ணு இருக்கு, 2023ல அதுக்கும் புவிசார் குறியீடு கெடைச்சது. புட்டுக்கு அதைவிட நல்ல பழம் நான் பாக்கல, அந்த வாசனைக்கு சர்க்கரையே வேண்டாம். இடியாப்பத்துக்கு தேங்காய்ப்பால், மேல கற்பூரவல்லி நறுக்கிப் போடுங்க, நல்லா கனிஞ்சா அது கிட்டத்தட்ட வெல்லம்தான். பலாச்சுளையும் தேங்காய்ப்பாலோட பிரமாதமா சேரும், பொடியா நறுக்கணும், முழுச் சுளையா போட்டா இடியாப்பம் காணாம போயிடும்.

பருப்பு சாதம், சாம்பார் சாதத்தோட மாம்பழம் சாப்பிடலாமா?

பருப்பு சாதம் நெய் போட்டு, மாம்பழம் ஓரமா, ஆஹா. காரமும் புளியும் இல்லாத எதுவா இருந்தாலும் சேரும்னு முதல் பதில்லயே சொல்லிட்டேன். சாம்பார் சாதத்தோட சாப்பிடறவங்க இருக்காங்க, எனக்கு அங்க சாம்பார்ப் பொடியும் பழமும் சண்டை போடற மாதிரி இருக்கு.

ஆனா குழம்புக்குள்ளயே பழம் போறது வேற கதை. சின்ன நாட்டு மாம்பழத்தை முழுசா தோல் உரிச்சு மோர்க்குழம்புல போடறது, கேரளாவுல மாம்பழ புளிசேரி, இதெல்லாம் இனிப்பு புளிப்பு காரம் மூணையும் வெச்சு பேலன்ஸ் பண்ணினது. அதுக்கு வெறும் சோறுதான் ஜோடி. பழைய சோத்துக்கு கேட்டா, அதுக்கு மாங்காயும் சின்ன வெங்காயமும்தான், பழம் வேண்டாம்.

அன்னாசிப்பழம் போட்ட தயிர் சாதம் ஒரு மணி நேரத்துல கசந்து போச்சு, தயிர் கெட்டுப் போச்சா?

தயிர் பாவம், அது ஒண்ணும் பண்ணல. அன்னாசில புரோமெலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது பால் புரதத்தை துண்டு துண்டா வெட்டும், அந்த துண்டுங்கதான் கசக்குது. நெறைய அன்னாசி சாப்பிட்டா நாக்கு எரியறதுக்கும் அது ஒரு காரணம்.

சூடு பண்ணினா அந்த என்சைம் செத்துடும். அதனாலதான் கேரளா சத்யாவுல, அதாவது இலை விருந்துல, வர்ற அன்னாசிப் பச்சடில பழத்தை வேகவெச்சுட்டு அப்புறம் தயிர் சேக்கறாங்க, அது கசக்காது. தயிர் சாதத்துக்கும் துண்டுகளை அஞ்சு நிமிஷம் வேகவெச்சு ஆறவெச்சுப் போடுங்க. டின் அன்னாசி ஏற்கெனவே சூடு பட்டதுதான், அப்படியே போடலாம். கிவிப் பழமும் இதே சேட்டை பண்ணும். மாதுளை, திராட்சை, ஆப்பிள் எல்லாம் சாது. சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும் திராட்சையை முழுசா போடாதீங்க, தொண்டைல அடைச்சுக்கும், நீளவாக்குல நாலா நறுக்கணும்.

மாம்பழம் சூடு, தண்ணில ஊறவெச்சாதான் சூடு போகும்னு மாமியார் சொல்றாங்க, உண்மையா?

ஊறவெக்கச் சொல்றது நல்ல விஷயம்தான், காரணம்தான் வேற. காம்பு ஒடிக்கறப்போ வழியற பால் இருக்கே, அது தோல்ல பட்டா சிலருக்கு வாயைச் சுத்தி எரிச்சல், கொப்புளம் எல்லாம் வரும். காம்புப் பக்கம் தோல்ல அது காய்ஞ்சு பளபளன்னு கோடா ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. அரை மணி நேரம் தண்ணில போட்டு கையால தேச்சுக் கழுவினா அதுவும் போகும், மேல இருக்கற தூசி மருந்து எல்லாமும் கொஞ்சம் போகும். காம்புப் பக்கம் ஒரு விரல் அகலம் வெட்டி எறிஞ்சுட்டா இன்னும் பத்திரம்.

உள்ள இருக்கற சதையை தண்ணி ஒண்ணும் மாத்தாது. தயிரோட சாப்பிட்டா சூடு தணியும்னு பெரியவங்க சொல்லுவாங்க. வாதாடாதீங்க, எப்படியும் நமக்கு தயிர் சாதம் கெடைக்குதுல்ல.

கல்லு வெச்சுப் பழுத்ததை எப்படி கண்டுபிடிக்கறது? தண்ணில மெதந்தா கெமிக்கல்னு வீடியோ பாத்தேன்

மெதக்கறது முழுகறது கெமிக்கல் டெஸ்ட் இல்ல. முத்தின காயைப் பறிச்சா அது கனமா இருக்கும், முழுகும். முத்தாம பறிச்சது மெதக்கும். முத்தாத காயைத்தான் அவசரமா பழுக்க வெப்பாங்கங்கறதால மெதந்தா கொஞ்சம் சந்தேகப்படலாம், அவ்ளோதான்.

கல்லுன்னு சொல்றது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டா அசிட்டிலீன் வாயு வரும், அதுல ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், அதனால அதை வெச்சுப் பழுக்க வெக்கறது இந்தியாவுல தடை. எத்திலீன் வாயு அறைல வெச்சுப் பழுக்க வெக்கறது 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு) வரைக்கும் அனுமதி இருக்கு, பழமே தானா விடற வாயு அதுதான், அதைக் கேட்டு பயப்பட வேண்டாம். வெளில ஒரே சீரா மஞ்சள், உள்ள வெளுத்து புளிப்பு, காம்புல வாசனையே இல்ல, இப்படி இருந்தா அந்தக் கடையை மாத்திடுங்க. வீட்டுல உறுதியா கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் கெடையாது. முத்தின காயா வாங்கி அரிசிப் பானைலயோ வைக்கோல்லயோ புதைச்சு வெச்சா நிம்மதி, பழம் விடற எத்திலீன் வெளில போகாம அங்கயே சுத்தி தானா பழுத்துடும்.

நீலம் வெட்டினா உள்ளேந்து வண்டு பறக்குது!! மேல ஒரு ஓட்டை கூட இல்ல, எப்படி போச்சு?

பிஞ்சா இருக்கறப்பவே தாய் வண்டு தோல் மேல முட்டை வெச்சுடும், புழு சதையைத் தாண்டி கொட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும், காய் பெருசாகறப்போ அது போன வழி ஆறி மூடிடும். உள்ள கொட்டைப் பருப்பைத் தின்னு வளர்ந்து, நீங்க வெட்டற நேரம் பாத்து வெளில வருது. கொட்டையைச் சுத்தி கறுத்த எடத்தை மட்டும் ஒதுக்கிட்டு மிச்சக் கதுப்பை சாப்பிடலாம். நீலம் வேணும்னா இதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கணும். கொட்டை சப்பற கட்சிக்காரங்க முதல்ல லைட் போட்டுப் பாத்துட்டு சப்புங்க.

பழத்தை பிரிட்ஜ்ல வெக்கலாமா? சில்லுனு சாப்பிட ஆசை

பழுத்ததை வெக்கலாம், காயை வெக்கக் கூடாது. பழுக்காத மாங்காய் 12, 13 டிகிரிக்குக் கீழ போனா அடிபட்டுடும், தோல்ல கறுப்பு விழும், வெளில எடுத்தாலும் ஒழுங்கா பழுக்காது. வாழைப்பழத்துக்கும் அதே கதை, தோல் கறுத்துடும். சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பழத்தை உள்ள வெச்சா போதும், ராத்திரி முழுக்க இருந்தா வாசனை மட்டுப்பட்டுடும். தயிர் சாதத்தை பிரிட்ஜ்ல வெச்சா கல்லாயிடுதுன்னா கொஞ்சம் வெதுவெதுப்பான பால் விட்டு மசிங்க, எளகிடும்.

ஸ்கூல் டிபன் பாக்ஸ்ல மாம்பழம் கலந்து குடுக்கலாமா?

கலக்காம குடுங்க. நறுக்கின பழம் தண்ணி விடும், வெயில் நேரத்துல மதியத்துக்குள்ள புளிச்ச வாசனை வந்துடும். சாதம் ஒரு டப்பா, பழம் சின்ன டப்பா. சாதத்துல பால் ஜாஸ்தி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன், அது மதியத்துக்குள்ள பாக்ஸுக்குள்ளயே தோய்ஞ்சிடும்.

எனக்கு சுகர் இருக்கு. ஆசையா இருக்கு. ஒரு வழி சொல்லுங்க

மருந்து, அளவு எல்லாம் உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும், நான் கணக்கு மட்டும் சொல்றேன். ஒரு கப் வெந்த சாதத்துல கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் மாம்பழச் சதைல 15 கிராம். எல்லாரும் பழத்தையே திட்டறாங்க, ஆனா தட்டுல பெரிய ஆள் சாதம்தான். முழு கப் சாதமும் முழுப் பழமும் சாப்பிடறதுக்கு பதிலா அரை கப் சாதம், தயிர் தாராளமா, ஒரே ஒரு கதுப்புன்னு வெச்சுக்கிட்டா மொத்தம் 40 பக்கத்துல நிக்கும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க, உங்க உடம்புக்கு ஒத்துக்குதா இல்லையான்னு அது சொல்லிடும். ஜூஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கிட்னி பிரச்சினை இருக்கறவங்களுக்கு இது பொருந்தாது. வாழைப்பழத்துலயும் பலாப்பழத்துலயும் பொட்டாசியம் ஜாஸ்தி, தயிர்லயும் இருக்கு. சரியா வேலை செய்யாத கிட்னியால அதை வெளியேத்த முடியாம போனா இதயத் துடிப்பே பாதிக்கும். டயாலிசிஸ்ல இருக்கறவங்க ஒரு சுளைன்னாலும் கேட்டுட்டுதான் சாப்பிடணும், இதுல விளையாட்டு இல்ல.

பழமும் தயிரும் சேரவே கூடாதுன்னு ஆயுர்வேதத்துல சொல்லியிருக்காமே?

ஆமா, விருத்த ஆகாரம்னு, அதாவது ஒண்ணோட ஒண்ணு சேக்கக் கூடாத சாப்பாடுன்னு, ஒரு லிஸ்ட் உண்டு. புளிப்புப் பழத்தை பாலோட சேக்காதேன்னு அதுல வரும், அது ஏன்னு மேல பால் திரியற பதில்லயே பாத்தோம். வாழைப்பழத்தை மோர், தயிரோட சேக்காதேன்னும் இருக்கு. அந்த முறையை கடைப்பிடிக்கறவங்க கடைப்பிடிங்க, நான் மல்லுக்கு நிக்க மாட்டேன். ஆனா தெற்கு முழுக்க தலைமுறை தலைமுறையா ஜனங்க சாப்பிட்டுட்டுதான் வந்திருக்காங்க. உங்களுக்கு தயிரும் பழமும் சேர்ந்தா சளி பிடிக்குது, வயிறு உப்புதுன்னா விட்டுடுங்க, அவ்ளோதான்.

ஜனவரில ஆசை வந்தா என்ன பண்றது? டின்ல வர்ற மாம்பழக் கூழ் போடலாமா?

போடலாம், ஆனா தயிர் சாதத்துல இல்ல. கிருஷ்ணகிரி பக்கம் பேக்டரிகள்ல பெரும்பாலும் பெங்களூராவை அரைச்சுதான் கூழ் போடறாங்க, அதோட பல பிராண்டுல சர்க்கரையும் சேத்திருக்கும், லேபிள் பாத்து வாங்குங்க. கடிக்க கதுப்பு இல்லாததால தயிர் சாதத்துக்கு அது சரிப்படல. பால் சோத்துல நல்லா வேலை செய்யுது, ரெண்டு ஸ்பூன் போட்டா சர்க்கரையைக் குறைச்சுக்கலாம். இல்லன்னா மே மாசமே பங்கனப்பள்ளியை துண்டு போட்டு, தட்டுல பரப்பி ப்ரீசர்ல உறைய வெச்சு, அப்புறம் கவர்ல கட்டி வெச்சுடுங்க. எடுத்ததும் முழுசா எளக விடாதீங்க, சதசதன்னு ஆயிடும். பாதி ஐஸா இருக்கறப்பவே வெதுவெதுப்பான தயிர் சாதத்தோட சாப்பிடுங்க.